கவனம் சிதறும்போது முதலில் மறைவது சாலையின் ஓரம்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தலைக்கவசம், வேகம், குடிபோதை ஆகிய மூன்றோடு பெரும்பாலும் பேச்சை முடித்துவிடுகிறோம். அம்மூன்றும் பேசப்பட வேண்டியவையே. இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது வாகனம் ஓட்டுபவரின் கவனச்சிதறல்; அதிலும் குறிப்பாக, ஒருவருடைய கவனம் சிதறுவதால் வரும் அடி வேறொருவருடைய உடலில் விழுகிறது என்ற உண்மை. காருக்குள் இருப்பவரைச் சுற்றி இரும்புக் கூடும் இருக்கைப் பட்டையும் காற்றுப்பையும் இருக்கின்றன. மிதிவண்டியில் செல்பவருக்குத் தலையில் ஒரு கவசம் இருக்கலாம். மற்றபடி உடுத்திய துணியைத் தவிர வேறு காப்பு எதுவும் கிடையாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் சாலை விபத்துகளில் இறந்தோர் ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர். இவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நடந்து சென்றவர்களும், மிதிவண்டியிலும் இருசக்கர மோட்டார் வாகனங்களிலும் சென்றவர்களுமே. 5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதல் காரணமாக இருப்பதும் சாலை விபத்துதான். இத்தனை இறப்புகளுக்கும் கவனச்சிதறலே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. வேகத்துக்கும் மதுவுக்கும் தவறாக அமைக்கப்பட்ட சாலைகளுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ஆயினும் வண்டி ஓட்டும்போது கைப்பேசியைப் பயன்படுத்துபவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு, பயன்படுத்தாதவரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு என்று அதே நிறுவனம் தொடர்ந்து எச்சரித்து வருகிறது. அந்த நான்கு மடங்கு ஆபத்து யார் தலையில் இறங்குகிறது என்பதே என் கேள்வி.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. கைப்பேசியில் வந்த செய்தியைப் படிக்க 5 நொடி எடுத்துக்கொண்டால், அந்த வண்டி 80 மீட்டருக்கும் மேலாக, பார்ப்பார் இல்லாமல் ஓடியிருக்கும். முன்னால் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் அதே திசையில் ஒருவர் மிதிவண்டியில் போய்க்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் 60 மீட்டர் முன்னால் இருந்தாலும், ஓட்டுநர் அந்தச் செய்தியைப் படித்து முடிப்பதற்குள் கார் அவரை எட்டிவிடும்.

இது நேர்க்கோட்டுக் கணக்கு. பக்கவாட்டுக் கணக்கை அதிகம் பேர் எண்ணிப் பார்ப்பதில்லை. பார்வை சாலையை விட்டு விலகியவுடன் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் கை செய்யும் நுட்பமான திருத்தங்கள் நின்றுவிடுகின்றன. வண்டியின் திசை ஒரே ஒரு பாகை ஓரமாகச் சாய்ந்து அப்படியே இருந்தால் போதும். முன்பு சொன்ன அதே வேகத்தில் 5 நொடிக்குள் வண்டி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். மிதிவண்டியை முந்தும்போது விட வேண்டிய இடைவெளி என்று பல நாடுகளின் விதிகள் குறிப்பிடுவதும் அந்த ஒன்றரை மீட்டரைத்தான். ஓட்டுநருக்கு அது ஒரு பாகைச் சாய்வாகக்கூடத் தெரிந்திருக்காது. அந்தப் பக்கம் வேறொரு கார் சென்றுகொண்டிருந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும்; மிதிவண்டி சென்றுகொண்டிருந்தால் மனிதர் விழுவார்.

கண் விலகினால் ஆபத்து என்பதை யாரும் மறுப்பதில்லை. கண் சாலையில் இருக்கும்போதே மனம் விலகிப் போவதுதான் நமக்குப் புரியாமல் இருக்கிறது. மனம் ஒரு வாக்குவாதத்திலோ கடினமான கணக்கிலோ ஆழ்ந்திருக்கும்போது ஓட்டுநரின் பார்வை எங்கே செல்கிறது என்பதை, கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவிகளைக் கொண்டு ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். பார்வை சுருங்குகிறது. நேர் முன்னே இருக்கும் சாலையின் நடுப்பகுதியிலேயே அது குத்திட்டு நிற்கிறது. பக்கவாட்டுக் கண்ணாடிகளையும் ஓரங்களையும் நாடிச் செல்வது குறைகிறது. முன்னால் செல்லும் லாரி அவருக்குத் தெரிகிறது; ஆகவே தாம் கவனத்தோடு ஓட்டுவதாகவே அவர் உண்மையில் நம்புகிறார். மிதிவண்டி செல்வது எங்கே? நடந்து வருபவர் சாலையில் இறங்குவது எங்கிருந்து? பள்ளிப் பிள்ளைகள் நிற்பது எங்கே? எல்லாம் ஓரத்தில். சிதறிய கவனம் எந்தப் பகுதியை முதலில் கைவிடுகிறதோ அந்தப் பகுதிக்குள்தான் சாலையின் மிகவும் பலவீனமானவர்களை நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். நான் இன்று சொல்ல வந்தவற்றில் முதன்மையானது இதுவே.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஒரு பொருளின் மீது நேராகப் பார்வை பதிந்தாலும் மனம் அதைப் பதிவு செய்யாமல் விட்டுவிடக்கூடும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் அவருடைய குழுவினரும் வண்டி ஓட்டும் மாதிரிக் கருவியில் செய்த ஆய்வுகளில், கையில் பிடிக்காமல் தொலைபேசியில் பேசியபடி ஓட்டியவர்கள், தாங்கள் நேரடியாகப் பார்த்த பொருள்களைக்கூடப் பின்னர் அடையாளம் காணத் தவறினார்கள். விபத்துக்குப் பிறகு “நான் பார்த்தேன், யாரும் இல்லை” என்று ஓட்டுநர் சொல்வதைப் பொய் என்று உடனே ஒதுக்கிவிட முடியாது. அவர் கண் பார்த்திருக்கலாம். பெரிய வாகனங்களையே எதிர்பார்த்துப் பழகிய மனத்துக்கு, மெலிந்த உருவமாக வரும் மிதிவண்டி எளிதில் தவறிவிடுகிறது. மிதிவண்டிகள் மிகுதியாக ஓடும் சாலைகளில் மிதிவண்டியில் செல்லும் ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்து குறைந்து காணப்படுவதற்கு, ஓட்டுநர்கள் அவர்களை எதிர்பார்த்தே ஓட்டுவதும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது.

ஆகையால், காதில் மாட்டிக்கொண்டு பேசினால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையை நாம் கைவிட வேண்டும். டொனால்ட் ரெடெல்மையர், ராபர்ட் டிப்ஷிரானி ஆகிய இருவரும் கனடாவின் டொரொண்டோவில் செய்து 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுதான் நான்கு மடங்கு ஆபத்து என்பதை முதலில் தெளிவாகக் காட்டியவற்றுள் ஒன்று. கையில் பிடித்துப் பேசுவதைவிடப் பிடிக்காமல் பேசுவது பாதுகாப்பானது என்பதற்கு அந்த ஆய்வில் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு பேசுவதும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் உண்டு. பக்கத்தில் இருப்பவருக்கும் சாலை தெரிகிறது. சந்திப்பு நெருங்கும்போது அவர் பேச்சை நிறுத்துவார், “பார்த்து, பார்த்து” என்பார். தொலைவில் இருந்து பேசுபவருக்கோ, முன்னால் ஒரு சிறுமி மிதிவண்டியில் தடுமாறுவது தெரியாது. அவர் தம் கேள்விக்குப் பதிலை எதிர்பார்த்துக்கொண்டே இருப்பார்.

சிவப்பு விளக்கில் நிற்கும்போது கைப்பேசியைப் பார்ப்பதில் தவறில்லை என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. குரலால் இயக்கும் வசதிகளைப் பயன்படுத்தியவர்களின் மனச்சுமை, வேலை முடிந்த பிறகும் 27 நொடிகள் வரை நீடிக்கக்கூடும் என்று 2015ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. விளக்கு பச்சையாகிறது, பின்னாலிருந்து ஹாரன் ஒலிக்கிறது, ஓட்டுநர் திடுக்கிட்டு வண்டியைக் கிளப்புகிறார். அவர் தலை குனிந்திருந்த நேரத்தில் வண்டியின் முன் மூலையில் ஒரு மிதிவண்டி வந்து நின்றிருந்தால் அதை அவர் அறிய வழியே இல்லை. லாரியாக இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. அதன் பக்கவாட்டில் ஓட்டுநர் கண்ணுக்கு எட்டாத பகுதிகள் ஏற்கெனவே உண்டு. திரும்புவதற்குச் சற்று முன்பு கண்ணாடியை மறுபடி பார்க்கும் அந்த ஒரு செயல் விடுபட்டால் பின்சக்கரம் ஒருவர் மீது ஏறிவிடும்.

நிறுத்திய காரில் இருப்பவரும் இதற்கு விலக்கில்லை. கைப்பேசியைப் பார்த்தபடியே கதவைத் திறப்பவர்களால் எத்தனையோ மிதிவண்டி ஓட்டிகள் தூக்கி எறியப்பட்டிருக்கிறார்கள். கதவுக்கு அருகில் உள்ள கையை விட்டுவிட்டு மற்றக் கையால் கதவைத் திறக்கப் பழகினால் உடல் தானாகவே திரும்பும், பார்வை பின்னால் செல்லும். நெதர்லாந்தோடு சேர்த்துப் பேசப்படும் இந்தப் பழக்கத்தைக் கற்க ஒரு நாள் போதும்.

கைப்பேசியை மட்டும் குற்றம் சொல்லி நிறுத்திக்கொள்வதும் நேர்மையாகாது. குளிர்சாதனத்தைக் கூட்டவும் குறைக்கவும் திரையைத் தடவ வேண்டிய கார்களை உற்பத்தியாளர்களே விற்கிறார்கள். பழைய குமிழைக் கை தானே தேடிக் கண்டுபிடிக்கும். வழுவழுப்பான திரையில் இடம் தெரிய வேண்டுமானால் கண்ணும் கூடப் போயாக வேண்டும். கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் வழங்கும் யூரோ என்காப் அமைப்பு, 2026 முதல் முழு மதிப்பு பெற வேண்டுமானால் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் முதலியவற்றுக்குத் தனிப் பொத்தான்களோ விசைகளோ இருக்க வேண்டும் என்று அறிவித்திருப்பதை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன்.

மிதிவண்டி ஓட்டுபவர்களிடமும் சொல்ல ஒன்று உண்டு. இரு காதுகளையும் அடைத்துக்கொண்டு ஓட்டுபவர், பின்னால் வரும் வண்டியின் ஒலியிலிருந்து கிடைக்கும் எச்சரிக்கையை இழந்துவிடுகிறார். நெதர்லாந்தில் 2019 ஜூலை முதல் மிதிவண்டி ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் வைத்திருப்பது குற்றம். அது சரியான சட்டமே. ஆனாலும் இரண்டு தவறுகளையும் ஒரே தராசில் வைக்க நான் உடன்பட மாட்டேன். மிதிவண்டியில் கவனம் சிதறியவர் பெரும்பாலும் தமக்கே தீங்கு செய்துகொள்கிறார், ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியில் கவனம் சிதறியவரோ பிறரைக் கொல்கிறார்.

அழைப்பவர்களின் பொறுப்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். வண்டியில் இருப்பது தெரிந்தும் “எங்கே வருகிறீர்கள்” என்று மீண்டும் மீண்டும் அழைக்கும் குடும்பத்தாரும், உடனே எடுக்காவிட்டால் கோபிக்கும் மேலதிகாரியும், ஓடும் வண்டியிலேயே அடுத்த உத்தரவை ஏற்கச் சொல்லும் விநியோகச் செயலியும் அந்தக் கவனச்சிதறலில் பங்குதாரர்கள். “ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா? நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள்” என்று சொல்லித் தொடர்பைத் துண்டிப்பது மரியாதைக் குறைவு ஆகாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையிலேயே, 2006இல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களின் வழியாக, வண்டி ஓடும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை உறுப்பு நாடுகள் தடைசெய்ய வேண்டும் என்ற விதி இடம்பெற்றுவிட்டது. குறை, விசாரணையில் இருக்கிறது. மதுவை மூச்சில் அளக்கலாம். வேகத்தைத் தடயங்களிலிருந்து கணிக்கலாம். கவனம் எங்கே இருந்தது என்பதற்கு உடலில் எந்த அடையாளமும் இல்லை. உயிரிழந்தவர் சாட்சி சொல்ல வர முடியாது. எஞ்சி நிற்பது மோதியவரின் வாக்குமூலம் ஒன்றே: “திடீரென்று குறுக்கே வந்துவிட்டார்.” அறிக்கையில் அது அப்படியே பதிவாகிறது; கவனச்சிதறலின் கணக்கு ஒன்று குறைகிறது; இறந்தவர் மீது ஒரு பழி கூடுகிறது.

இதை மாற்ற முடியும். முன்பு சொன்ன டொரொண்டோ ஆய்வு எவ்வாறு நடந்தது? விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் தொலைபேசிக் கட்டண விவரங்களை, விபத்து நேர்ந்த நேரத்தோடு ஒப்பிட்டுத்தான் நடந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, வெறும் அழைப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு செய்ய முடிந்த வேலை அது. இன்றைய கைப்பேசியில் திரை எப்போது திறந்திருந்தது, எந்தச் செயலி இயங்கியது என்பது வரை பதிவு இருக்கிறது. மிதிவண்டி ஓட்டியோ பாதசாரியோ உயிரிழந்த அல்லது பலத்த காயமடைந்த ஒவ்வொரு விபத்திலும், மோதிய வாகனத்தை ஓட்டியவரின் கைப்பேசி அந்தச் சில நிமிடங்களில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை, நீதிமன்ற அனுமதியோடும் தனியுரிமைக்கு உரிய வரம்புகளோடும் சரிபார்ப்பது விசாரணையின் வழக்கமான பகுதியாக வேண்டும். அந்தப் பதிவைப் பார்க்காமல், இறந்தவர்தான் குறுக்கே வந்தார் என்று எழுதி எந்த விசாரணையையும் முடிக்கக் கூடாது.