திரும்பி வராத சோக்

நேயர்களுக்கு வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு குறையைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். காலையில், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக்கை இழுத்தவுடன் எஞ்சின் நன்றாகவே பிடித்துக்கொள்கிறது. ஆனால், சோக்கை உள்ளே தள்ளிய பிறகும் கரும்புகை நிற்பதில்லை, பெட்ரோல் வாடை போவதில்லை, சூடேறச் சூடேற வண்டி தடுமாறுகிறது.

1962-இல் வெளிவந்த எம்ஜிபி காரை எடுத்துக்கொள்வோம். அதன் 1798 சிசி எஞ்சினில் எஸ்யூ எச்எஸ்4 வகைக் கார்புரேட்டர்கள் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவிகள்) இரண்டு இருந்தன. மற்ற பல கார்புரேட்டர்களில் சோக் என்பது காற்றை மறிக்கும் ஒரு தகடு. இதில் தகடே கிடையாது. கேபிளை இழுத்தால் ஜெட் என்னும் சிறு குழாய் கீழே இறங்கி, அதற்குள் நிற்கும் கூம்பு ஊசியைச் சுற்றிலும் இடைவெளி கூடி, பெட்ரோல் அதிகமாக வருகிறது. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோலின் ஒரு பகுதி ஆவியாகாமல், கலவை எஞ்சினுக்குச் செல்லும் குழாயின் சுவரிலேயே படிந்துவிடுவதால் இந்தக் கூடுதல் தேவைப்படுகிறது. (பின்னாளில் வந்த எச்ஐஎஃப்4 வகையின் அமைப்பு வேறு, நான் சொல்லப்போவது அதற்குப் பொருந்தாது.)

இறங்கிய ஜெட் முழுவதுமாக மேலேறாததே பெரும்பாலும் கோளாறு. எஞ்சின் ஆறியிருக்கும்போது சோக்கை இழுத்து, உள்ளே தள்ளிவிட்டு, கார்புரேட்டரின் அடியில் கைவிட்டு ஜெட்டின் அடிப்பகுதியை விரலால் மேல்நோக்கி அழுத்திப் பாருங்கள். நகம் அளவு நகர்ந்தாலும் நோய் பிடிபட்டுவிட்டது. நான் பார்த்த ஒரு வண்டியில், இதைக் கவனிக்காமல், பெட்ரோல்-காற்று அளவைச் சரிசெய்யும் கலவை நட்டைத் திருகித் திருகிப் பெட்ரோலைக் குறைத்திருந்தார்கள். ஜெட் தானாக மேலேறிய நாட்களில் அந்த வண்டி ஐட்லிங்கில் நிற்கவே மறுத்தது. அந்த நட்டில் முதலில் கைவைப்பதைப் போன்ற தவறு வேறில்லை.

சோக்கை இழுத்த நிலையில் வைத்து, வெளியே தெரியும் ஜெட்டைப் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஓரிரு சொட்டு விட்டு, பலமுறை மேலும் கீழும் அசையுங்கள். அருகில் தீ, பொறி எதுவும் வேண்டாம். பிறகு கேபிள். சோக் முழுவதும் உள்ளே இருக்கும்போது கேபிளில் ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர் தளர்ச்சி இருக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் எவ்வளவு துடைத்தாலும் ஜெட் வீடு சேராது. இரண்டு ஜெட்டும் ஒரே நேரத்தில் இறங்குகின்றனவா என்பதையும் பாருங்கள்.

ஜெட்டைக் கழற்றி மாட்டியிருந்தால் அது ஊசிக்கு நடுவாக நிற்கிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். கார்புரேட்டருக்குள் அந்த ஊசியைத் தாங்கியிருக்கும் பிஸ்டனை உயர்த்தி விட்டால் அது ‘டக்’ என்று மெல்லிய உலோக ஒலியுடன் விழும். ஜெட் மேலே இருக்கும்போது ஒரு முறையும், கீழே இறக்கி ஒரு முறையும் கேளுங்கள். இறக்கியபோது மட்டும் ஒலி கூர்மையாக இருந்தால் ஜெட் நடுவில் இல்லை, மறுபடி தளர்த்தி நிறுத்த வேண்டும். இரண்டு ஒலியும் ஒன்றானதும் எஞ்சினைச் சூடாக்கி, அதன் பிறகே கலவை நட்டைத் தொடுங்கள்.