எட்டரை மணி மழை

நேயர்களுக்கு வணக்கம்.

"இன்று காலை 8.30 மணியுடன் முடிவடைந்த 24 மணி நேரத்தில்..." ஐப்பசி, கார்த்திகையில் இந்த வரியை வானொலியில் தினமும் கேட்கிறீர்கள். அடுத்து வரும் சென்டிமீட்டரை எல்லோரும் பிடித்துக்கொள்கிறோம். அந்த எட்டரையைக் காதில் வாங்குவதில்லை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

அது என்ன எட்டரை? உலகமெங்கும் வானிலை நிலையங்கள் கிரீன்விச் நேரப்படி ஒரே சமயத்தில் அளவெடுக்கின்றன. அங்கே அதிகாலை 3 மணி, நமக்கு 8.30. ஆகவே மழைக்கு நாள் பிறப்பது நள்ளிரவில் அல்ல, காலை எட்டரைக்கு. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானதே, நினைவிருக்கும். அந்த மாவட்டத்துக்கு வருஷம் முழுக்கக் கிடைக்கும் மழையைவிட அதிகம். 17ஆம் தேதி ஞாயிறு பகலும் இரவுமாகக் கொட்டியது, ஆனால் 18ஆம் தேதிக் கணக்கில் ஏறியது. "ஞாயித்துக்கிழமைதானே பேஞ்சுது, திங்கட்கிழமைன்னு போட்டிருக்காங்களே" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இன்னொன்று: காலை 6 மணிக்குத் தொடங்கி 11 மணி வரை ஒரே மூச்சாகப் பெய்தால் அது இரண்டு நாளுக்குப் பங்காகிவிடும். இரண்டு நாளும் சுமாரான மழை என்று ஏட்டில் நிற்கும், தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அளவெடுப்பவர் விடுமுறையில் போய்விட்டால் இன்னும் மோசம். ஞாயிறுக்குச் சுழி, திங்களுக்கு இரட்டைப் பங்கு. பழைய ஏடுகளைப் புரட்டும்போது திங்கட்கிழமைகளில் மட்டும் மழை கொழித்தால் சந்தேகப்பட வேண்டும்.

சரி, பாத்திரத்துக்கு வருவோம். மழைமானி என்பது ஒரு புனல், அதற்கடியில் ஒரு பாட்டில், அளக்க ஒரு கண்ணாடிக் குவளை. அவ்வளவே. புனலின் வாய் 200 சதுர சென்டிமீட்டர் என்றால் 20 மில்லி தண்ணீர்தான் 1 மில்லிமீட்டர் மழை. 100 சதுர சென்டிமீட்டர் வாயும் உண்டு, அதற்கு 10 மில்லி. ஒன்றின் குவளையை எடுத்து மற்றதை அளந்தால் மழை இரட்டிக்கும், அல்லது பாதியாகும். நடக்கிற தப்பு இது.

காயல்பட்டின மழையையே 200 சதுர சென்டிமீட்டர் புனலில் பிடிப்பதாக வையுங்கள். 95 சென்டிமீட்டருக்கு 19 லிட்டர் சேரும். 10 லிட்டர் பாட்டில் வைத்திருந்தாலும் 50 சென்டிமீட்டரிலேயே வழிந்துவிடும். அதனால்தான் பெருமழையன்று எட்டரை வரை காத்திருக்கக் கூடாது. நடுராத்திரி ஆனாலும் போய் அளந்து, எழுதி, பாட்டிலைக் காலிசெய்து, காலையில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வீட்டிலேயே அளக்கலாம். கடையில் 16 சென்டிமீட்டர் விட்டமுள்ள புனல் வாங்குங்கள். அதன் வாய் ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர், எனவே 20 மில்லிக்கு 1 மில்லிமீட்டர். ஊசி போடும் சிரிஞ்சே அளக்கப் போதும். மொட்டைமாடியில் வாளி வைத்து ஸ்கேலை விட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. வாளி வாய் அகலம், அடி குறுகல். அகலமாக வாங்கிய தண்ணீர் குறுகலான இடத்தில் உயர்ந்து நிற்கும். கிடைக்கும் அளவு நிஜத்தைவிடக் கூடுதல்.

மொட்டைமாடியும் சரிப்படாது. உயரம் கூடக் கூடக் காற்று வேகமெடுக்கும், துளிகளைப் புனலுக்கு மேலாகவே அடித்துக்கொண்டு போகும். தரையிலேயே வைத்தால் மண்ணில் விழுந்து தெறிப்பது உள்ளே போகும். அதனால்தான் விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர். பக்கத்து மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். வைத்தபோது கன்றாக இருந்த வேம்பு பத்து வருஷத்தில் மழையை மறைக்கும். மழை குறைந்துவிட்டது என்று ஏடு சொல்லும், குறைந்தது திறந்த வானம். வேப்பிலை, சிலந்திவலை, எறும்புப் புற்று, எல்லாம் புனல் துவாரத்தைத்தான் தேடிவரும். வாரம் ஒருமுறை பார்க்காவிட்டால் அளவில் உண்மை இருக்காது.

தானியங்கி மானியிலும் இதே அடைப்புத்தான். உள்ளே, பூங்காவில் பிள்ளைகள் ஏறி இறங்கும் சீசா பலகை போல, இரண்டு சிறு கிண்ணங்கள். அரை மில்லிமீட்டர் மழைக்கு ஒரு கிண்ணம் நிரம்பிக் கவிழும், எண்ணிக்கை ஒன்று ஏறும். துவாரம் பாதி அடைத்தால் மழை விட்டு மூன்று மணி நேரம் கழித்தும் சொட்டிக்கொண்டிருக்கும், கணினியில் தூறல் என்று வரும். வெளியே பார்த்தால் வெயில். கொட்டித் தீர்க்கும் மழையிலோ கிண்ணம் கவிழ்கிற அந்தக் கணத்தில் விழும் தண்ணீர் கணக்கில் வராமல் போகும்.

ஒரு சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: ஒரு கிரவுண்டுக்கு சுமார் 2,230 லிட்டர், ஒரு ஏக்கருக்கு 40,000 லிட்டருக்குச் சற்று மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி மூன்று வந்தாலும் போதாது. பஞ்சாங்கம் சொல்லும் மரக்கால் மழையை இப்படி மாற்றிப் பார்க்க வழியில்லை.

ரேடாரைப் பற்றிப் பேசவென்று வைத்திருந்த நேரத்தை எட்டரை மணியே தின்றுவிட்டது. நேரம் முடிந்தது என்று வானொலி நிலையத்தார் கையைக் காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். ரேடார் மழையை அளப்பதில்லை, துளிகளிலிருந்து திரும்பும் எதிரொலியைப் பிடித்து மழையாகக் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கைத் திருத்த, தரையில் ஒரு புனலும் பாட்டிலும் வேண்டியிருக்கிறது. வணக்கம்.