எந்தெந்த உலாவிகளுக்குப் பொறுப்பேற்பது?

நேயர்களுக்கு வணக்கம். நான் கிருஷ்ணகிரியில் இணையதளங்கள் வடிவமைக்கும் தொழிலில் இருக்கிறேன். நம் மாவட்டத்தில் புத்தொழில் தொடங்கும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, தங்கள் தளம் எந்தெந்த பிரவுசர்களில், அதாவது உலாவிகளில், சரியாக இயங்க வேண்டும் என்பதைத்தான்.

உலாவிகளின் பெயர்கள் பலவானாலும், அவற்றுக்குள் இருந்து பக்கத்தைத் திரையில் காட்டும் மென்பொருளான எஞ்சின்கள் பெரும்பாலும் மூன்றே. குரோம், ஓப்பரா, 2020 முதல் எட்ஜ் ஆகியவை பிளிங்க் எஞ்சினில் இயங்குகின்றன. ஃபயர்பாக்ஸுக்கு கெக்கோ, சஃபாரிக்கு வெப்கிட். நம் ஊர் ஐபோனில் குரோமை நிறுவினாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான் என்பதால், ஆண்ட்ராய்டில் பார்த்த சோதனை ஐபோனுக்குச் செல்லாது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்டே 2022 ஜூன் 15 அன்று பெரும்பாலான விண்டோஸ் 10 கணினிகளில் நிறுத்திவிட்டது. அதற்காக உழைக்க வேண்டியதில்லை.

எஞ்சினைவிட எனக்குக் கவலை தருவது பதிப்பின் வயது. சில ஆண்டுகளுக்கு முன், ராயக்கோட்டையில் ஒரு தக்காளி வியாபாரி நாங்கள் செய்த தளத்தில் "பதிவு செய்க" பொத்தானை மூன்று முறை அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை. சிக்னல் இல்லை என்றே அவர் நினைத்தார். கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன்: சேமிப்பிடம் நிரம்பியிருந்தது, குரோம் நெடுநாளாகப் புதுப்பிக்கப்படவில்லை. பொத்தான்களை வேலை செய்ய வைக்கும் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்டில், கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த ஒரு குறியீட்டை நான் பயன்படுத்தியிருந்தேன். 2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80 முதல்தான் அது புரியும். அதற்கு முந்தைய பதிப்பு அந்த ஒரு குறியைக் கண்டதுமே கோப்பு முழுவதையும் ஓட்டாமல் கைவிட்டுவிடும். பேபல் என்னும் கருவியைக் கொண்டு அதைப் பழைய நடைக்கு மாற்றியிருந்தால் அவருடைய அன்றைய பதிவு தவறியிருக்காது. அந்தத் தவறு என்னுடையது.

ஆகவே, எந்த உலாவியை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற உலகக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் தளத்துக்கு வருபவர்கள் எந்த உலாவியில், எந்தப் பதிப்பில் வருகிறார்கள் என்ற பதிவைப் பாருங்கள். தளமே இன்னும் திறக்கவில்லை என்றால் சந்தைக்குப் போய், வாங்குபவர்கள், விற்பவர்கள் இருபது பேரின் கைப்பேசிகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டு பேர் நடத்தும் நிறுவனத்தில், பட்டியலில் கூடும் ஒவ்வொரு உலாவியும் ஒவ்வொரு வெளியீட்டின்போதும் சோதனை நேரத்தைக் கேட்கும். எனவே, ஆண்ட்ராய்டு குரோமையும் ஐபோன் சஃபாரியையும் ஒவ்வொரு முறையும் முழுமையாகச் சோதிக்கிறோம். ஃபயர்பாக்ஸை மாதம் ஒரு முறை பார்க்கிறோம். மற்ற எதில் திறந்தாலும், ஜாவாஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலும்கூட, விலையும் தொலைபேசி எண்ணும் பதிவுப் படிவமும் வேலை செய்தாக வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

அந்த வியாபாரியின் கைப்பேசியில் படங்கள் இன்றும் வரிசை கலைந்துதான் தெரிகின்றன. ஆனால் விலை தெரிகிறது. ஒரே அழுத்தில் பதிவும் ஆகிவிடுகிறது.