பிள்ளைக்கென்று ஒரு வேலை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். பழனி மலைப்பகுதித் தொடக்கப் பள்ளிகளில் நெடுங்காலம் சிறு வகுப்புகளுக்குப் பாடம் நடத்தியவள் என்பதால், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வீட்டில் என்ன வேலை கொடுக்கலாம், எப்படிக் கொடுக்கலாம் என்று பேசும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். என்ன வேலை என்பதைவிட எப்படி என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிள்ளைக்குக் கொடுக்கும் வேலை எவ்வளவு சிறியதாகவும் இருக்கட்டும். அது தொடக்கம் முதல் முடிவு வரை அந்தப் பிள்ளையின் பொறுப்பில் இருக்க வேண்டும். இதைத்தான் இன்று திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

மாலை நேரத்தில் நம் வீடுகளில் நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். தோட்டத்து வேலையையோ விடுதி வேலையையோ முடித்துவிட்டு வந்த அம்மா அடுப்படியில் நின்றபடியே, "அந்தக் கரண்டியை எடு, கதவைச் சாத்து, தம்பியைப் பிடி" என்று அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டிருப்பார். பிள்ளையும் ஓடி ஓடிச் செய்யும். ஆனால் அந்த வேலைகளில் எதுவும் எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று பிள்ளைக்குத் தெரியாது. விளையாட்டு பாதியில் நிற்கும். கணக்கும் பாதியில் நிற்கும். பிறகு நாலாவது முறை கூப்பிடும்போது பிள்ளை வரவில்லை என்றால், சோம்பேறி என்று பெயர் வைத்துவிடுகிறோம். அதே பிள்ளையிடம், "இனிமேல் இந்த வீட்டுக்குப் பூண்டு உரிக்கும் பொறுப்பு உன்னுடையது" என்று சொல்லிப் பாருங்கள்.

பூண்டைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகவே பேச அனுமதியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு அது. நம் கொடைக்கானல் மலைப்பூண்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது என்பது உங்களுக்குத் தெரியும். பூம்பாறைப் பக்கத்திலிருந்து வந்து என் வகுப்பில் படித்த ஒரு பையனின் வீட்டில், அப்பத்தாவுக்குக் கண்பார்வை மங்கியதால், அன்றாடச் சமையலுக்குப் பூண்டு உரிக்கும் வேலையைப் பேரனிடம் கொடுத்துவிட்டார்கள். அவன் அப்போது இரண்டாம் வகுப்பு. அம்மா ஒருமுறை செய்து காட்டியதோடு சரி. பிறகு யாரும் குறுக்கிடவில்லை. முதலில் நகத்தால் கீறிப் பார்த்து, விரல் எரிந்து, கண்ணைக் கசக்கி அழுதிருக்கிறான். அப்போதுகூட அம்மா பூண்டை வாங்கிக்கொள்ளவில்லை; கையைக் கழுவிவிட்டு, உரிக்கும்போது கண்ணைத் தொடக்கூடாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். சில நாட்களில், பல்லை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் தோல் இளகி வருகிறது என்பதை அவனே கண்டுகொண்டான். அழுகியதைத் தனியே ஒதுக்கினான். முளைவிட்டதை அப்பத்தாவிடம் காட்டிக் கேட்டு, வாசலோரத்தில் ஊன்றி வைத்தான். ரசத்துக்கு எத்தனை பல், பூண்டுக் குழம்புக்கு எத்தனை பல் என்ற கணக்கும் அவன் கைக்கு வந்துவிட்டது. வகுப்பில், எண்ணாமலே உத்தேசமாகச் சொல்லும் கணக்கில் அவன் எப்போதும் முந்திக்கொள்வான்.

ஒருமுறை அவன் வத்தலக்குண்டில் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது, உரித்த பூண்டு இல்லாமல் அம்மா அவசரத்தில் ரசம் வைத்திருக்கிறார். ஒரு வாய் குடித்த அப்பத்தா, "எம்பேரன் ஊருல இல்லேங்கிறது ரசத்துலயே தெரியுது" என்றாராம். இதை அவன் அம்மா பள்ளிக்கு வந்து என்னிடம் சொன்னபோது, பக்கத்தில் நின்ற பையனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தான் இல்லாவிட்டால் வீட்டில் ஒன்று குறையும் என்பதை ஏழு வயதுப் பிள்ளை அறிந்துகொள்வது பெரிய காரியம்.

இத்தாலிய நாட்டுக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இதே கொடைக்கானலில் தங்கியிருந்து குழந்தைகளோடு பணிபுரிந்தவர் என்பதை இந்த இடத்தில் நினைவுபடுத்த விரும்புகிறேன். 1907ஆம் ஆண்டு ரோம் நகரில் அவர் தொடங்கிய முதல் குழந்தைகள் இல்லத்திலேயே கூட்டுவதும், துடைப்பதும், உணவு பரிமாறுவதும் பிள்ளைகளின் அன்றாடப் பயிற்சியாக இருந்தன. பொம்மைத் துடைப்பத்தைக் கொடுக்காமல், நிஜத் துடைப்பத்தையே பிள்ளையின் கைக்கேற்ற அளவில் கொடுத்தார். நாமும் பழைய துடைப்பம் ஒன்றின் கைப்பிடியைக் குறைத்துக் கட்டிக் கொடுக்கலாம். அதற்குச் செலவு ஏதும் இல்லை.

நம் மலையில் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலைகளுக்குக் குறைவே இல்லை. பள்ளி விட்டு வந்ததும் சாப்பாட்டு டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் பையிலிருந்து எடுத்து வைப்பது, காலுறைகளை ஜோடி சேர்ப்பது, எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று எண்ணித் தட்டு வைப்பது ஆகியவற்றை ஆறு வயதுப் பிள்ளை செய்யும். ஏழு, எட்டு வயதில் பட்டர் பீன்ஸ் உரிக்கலாம். ஓர் அறையைக் கூட்டலாம். குரங்கு உள்ளே வராதபடி ஜன்னல்களைச் சாத்தும் பொறுப்பை ஏற்கலாம். மேகம் இறங்குவதற்கு முன் கொடியில் உள்ள துணிகளைத் தொட்டுப் பார்த்து, காய்ந்தவற்றை எடுத்து மடிக்கலாம். இந்தக் குளிரில் சில்லென்றிருக்கும் துணி ஈரமாகத்தான் இருக்கிறது என்று பெரியவர்களே ஏமாந்துவிடுவதால், இது உண்மையிலேயே கவனம் கேட்கும் வேலை. குப்பையை மக்குவது, மக்காதது என்று பிரித்துப் போடுவதையும் இந்த வயதில் பழக்கலாம். குப்பையில் கலந்த பிளாஸ்டிக்கைக் காட்டுமாடு தின்றுவிடும் என்று சொன்னால், நம் பிள்ளைகளுக்குக் காரணம் உடனே விளங்கும்.

வேலையைக் கொடுத்த பிறகு ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பிள்ளை மடித்த துணியை அதன் கண் முன்னாலேயே பிரித்துத் திரும்ப மடிக்காதீர்கள். கோணல் மடிப்பை வேறொரு நாள், வேறொரு துணியில் சொல்லிக் கொடுக்கலாம். நான் தொடக்கத்தில் சொன்னேனே, முடிவு வரை பிள்ளையின் பொறுப்பு என்று. அந்த முடிவை நாம் பறித்துக்கொள்ளக் கூடாது.

சுமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். புத்தகப் பை பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை கூறுகிறது. தண்ணீர் சுமப்பதற்கும் அதே அளவை நான் பரிந்துரைக்கிறேன். இருபது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இரண்டு லிட்டரே போதும். நிறைகுடம் என்பது பத்துக் கிலோவுக்கும் மேல், அதுவும் நம் ஊர் மேட்டுப் படிகளில்.

இனி, என் மனத்தை நெடுநாளாக உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். பெண் பிள்ளைக்குப் பாத்திரம், ஆண் பிள்ளைக்குக் கடைக்குப் போய் வருவது என்று ஆறு வயதிலேயே பிரித்துவிடுகிறோம். 2019ஆம் ஆண்டு இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஆறு வயது முதலே எல்லாரையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாக அது காட்டியது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஒரு பக்கம், ஒன்றரை மணி நேரம் மறு பக்கம்! பூண்டு உரித்த அந்தப் பையனின் வீட்டைப் போல எல்லா வீடுகளும் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது இதனால்தான். கைக்குழந்தையை நாள் முழுவதும் அக்காவிடம் விட்டுச் செல்வதையும் வீட்டு வேலை என்ற கணக்கில் சேர்க்காதீர்கள். அது எட்டு வயதுச் சிறுமி தாங்கக்கூடிய பொறுப்பே அல்ல. 2016ஆம் ஆண்டு திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும், குடும்பத்துக்கு உதவுவது பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ, ஆபத்தில்லாத வேலையாக மட்டுமே இருக்கலாம் என்கிறது.

ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் முடியப் போவதாகச் சைகை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். அரிசியை அளந்து களைவது, மோர் கரைப்பது, மறுநாள் பையைத் தானே அடுக்கிக்கொள்வது ஆகியவை இவர்களால் முடியும். பெரியவர் பக்கத்தில் இல்லாமல் அடுப்பு வேண்டாம். கொதிக்கும் வெந்நீர் வாளி வேண்டாம். தோட்டத்து மருந்தையும், மருந்து கலந்த வாளியையும் பிள்ளைகள் தொடவே கூடாது. குளிர் மாதங்களில் கரி மூட்டிய கணப்புச் சட்டியைத் தூக்கிவரச் சொல்லாதீர்கள். மூடிய அறையில் கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு நிறமோ மணமோ இல்லாமல் உயிரைப் பறிப்பது. ஆகவே அந்தச் சட்டியைப் பெரியவர்களும் படுக்கும் அறைக்குள் வைக்க வேண்டாம். நன்றி, வணக்கம்.