கோர்ட் ஃபைலைப் பார்க்க நிருபருக்குத் தனி அனுமதி வேணுமா?

அடுத்த கேள்வி, டர்பன் மெரபேங்க்ல இருந்து ஒரு அக்கா அனுப்பியிருக்காங்க. அவங்க பையன் ஒரு சின்ன பத்திரிகையில நிருபர். கோர்ட் ஆபீஸ்ல ஒரு கேஸ் ஃபைலைக் கேட்டிருக்கார். "வழக்கு இன்னும் நடக்குது, காட்ட முடியாது"ன்னு அனுப்பிட்டாங்களாம். முனிசிபாலிட்டிகிட்ட கான்ட்ராக்ட் பேப்பர் கேட்டதுக்கும் பதிலே இல்லையாம். "இதைக் கேக்க பத்திரிகைக்காரங்களுக்கு உரிமை இருக்கா?"

இருக்குக்கா. அவங்களுக்கு மட்டும் இல்ல, உங்களுக்கும் இருக்கு.

கோர்ட் ஃபைலை முதல்ல பார்ப்போம். சான்ரால், அதான் நம்ம தென்னாப்பிரிக்காவோட நெடுஞ்சாலை நிறுவனம், கேப்டவுன் டோல் வழக்குல சில தாள்களை ரகசியமா வைக்கணும்னு கேட்டுச்சு. மாநகராட்சி விடல, ப்ளூம்ஃபான்டேன்ல இருக்கிற உச்ச மேல்முறையீட்டு கோர்ட் வரைக்கும் அப்பீல் போச்சு. 2015ல மாநகராட்சி பக்கம் தீர்ப்பு வந்துச்சு. எழுதினவர் நீதிபதி விஸ்வநாதன் பொன்னன். அந்தப் பேரைக் கேட்டா நமக்கெல்லாம் ஒரு பெருமைதான், ஆனா தீர்ப்பு அதைவிடப் பெருசு. கோர்ட்ல தாக்கலான தாள், யாரும் பார்க்கக்கூடிய பொது ஆவணம். மறைக்கணும்னு சொல்றவங்கதான் காரணம் காட்டணும். கவனிங்க, அந்த டோல் வழக்கே அப்ப முடியல. அதனால "வழக்கு நடக்குது"ன்னு சொல்லி மட்டும் உங்க பையனைத் திருப்பி அனுப்புறது சரியில்ல.

வான் பிரீடாங்கிறவர் மேல நடந்த கொலை வழக்கு விசாரணையை கேமராவுல படம்பிடிச்சு ஒளிபரப்பலாமான்னு பிரச்சினை வந்தப்பவும், 2017ல, தீர்ப்பு எழுதினது நீதிபதி பொன்னனேதான். எடுத்த எடுப்புல கேமராவுக்குத் தடை கிடையாது, எதிர்க்கிறவங்க காரணம் சொல்லணும், விசாரணை நீதிபதி அதை எடைபோட்டு முடிவு பண்ணணும். குழந்தைங்க சம்பந்தப்பட்டது, பாலியல் குற்றம், இதுல எல்லாம் கதவை மூடலாம். அது நியாயம், அதுல எனக்கு மாற்றுக்கருத்தே இல்ல.

முனிசிபாலிட்டி விஷயம் வேற. அங்க 2000ஆம் வருஷத்து தகவல் சட்டம், 'பாயா'ன்னு சொல்லுவாங்களே, அதுதான் வழி. எதுக்குக் கேக்குறீங்கன்னு சொல்ல வேண்டியதில்ல. 30 நாள்ல பதில் வரணும். கூடுதல் அவகாசமும் கேக்காம சும்மா இருந்தா, மறுத்ததாவே சட்டம் எடுத்துக்கும். உடனே மேல்முறையீடு செய்யலாம், அதை 60 நாளுக்குள்ள செய்யணும்.

ஆனா, அரசாங்கம் இழுத்தடிக்கும். 2002ல ஜிம்பாப்வே தேர்தலைப் பார்த்துட்டு நம்ம நீதிபதிங்க ரெண்டு பேர், காம்பெபேயும் மொசெனெகேயும், அறிக்கை கொடுத்தாங்க. 2008ல 'மெயில் அண்ட் கார்டியன்' பத்திரிகை அதைக் கேட்டுச்சு. கோர்ட் கோர்ட்டா ஏறி, 2014 நவம்பர்லதான் கைக்கு வந்துச்சு. அந்தத் தேர்தல் சுதந்திரமாவும் நியாயமாவும் நடந்ததாச் சொல்ல முடியாதுன்னு உள்ள எழுதியிருக்கு. அத்தனை வருஷம் மக்கள்கிட்ட இருந்து மறைச்சது இதைத்தான். எனக்கு இன்னும் கோபம் அடங்கல.

அக்கா, உங்க பையன் எழுதினது வெறும் லெட்டரா, இல்ல பாயா படிவம் 2ஆ? லெட்டர்னா படிவத்தை நிரப்பி, முனிசிபல் மேனேஜர் பேருக்கு அனுப்பச் சொல்லுங்க. சட்டப்படி அவர்தான் தகவல் அதிகாரி. அனுப்பின தேதிக்கு அத்தாட்சி வெச்சுக்கணும். மேல்முறையீட்டுலயும் மறுத்துட்டா, தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துல 180 நாளுக்குள்ள புகார் கொடுக்கலாம். அதுக்கு வக்கீல் தேவையில்ல.