அனந்தபுரத்துக்கு வழி நூலே

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் அன்பர்களே, எல்லைக்கு அப்புறம் பாறசாலையிலிருந்தும் இப்புறம் குழித்துறை, மார்த்தாண்டத்திலிருந்தும் இந்தக் களியக்காவிளை மேடைக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

திருவனந்தபுரம் போன்ற பழம்பெரும் நகரை ஒருவர் உள்ளபடி அறியத் துணைநிற்பது நேரில் காணும் காட்சியா, கற்கும் நூலா என்பது இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், பேருந்தில் ஏறினால் சற்று நேரத்தில் கண்டுவிடக்கூடிய ஊருக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்டார். அந்தப் பேருந்திலேயே நானும் வருகிறேன்.

தம்பானூரில் இறங்கிக் கிழக்கேகோட்டையை நோக்கி நடந்தால் புத்தரிக்கண்டம் மைதானம் வருகிறது. கண்ணுக்குத் தெரிவது ஒரு திடல். கூட்டமோ பொருட்காட்சியோ நடந்தால் நின்று பார்ப்போம், இல்லையென்றால் கடந்து போவோம். ஆனால் புத்தரி என்றால் புத்தரிசி. கண்டம் என்றால் வயல். பத்மநாபசுவாமி கோயிலுக்குரிய புத்தரிசி விளைந்த நிலம் அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம்மாழ்வார் தம் திருவாய்மொழியில் இந்த ஊரைப் பாடியபோது, "தடமுடை வயல் அனந்தபுர நகர் புகுதும் இன்றே" என்றார். தடம் என்றால் குளம். குளமும் வயலும் சூழ்ந்த ஊர் என்று அவர் பாடியதில், குளத்துக்குச் சான்றாகக் கோயிலின் பக்கத்தில் இன்றும் பத்மதீர்த்தம் இருக்கிறது. வயலோ மைதானத்தின் பெயருக்குள் ஒளிந்துகொண்டது. திருவாய்மொழியைப் படித்தவர் அந்தத் திடலில் நின்றால் அவர் காலடியில் நெல் அசைகிறது. எதிரணியினர் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: அந்த நகருக்கு இன்றே போவோம், வாருங்கள் என்று தமிழில் நம்மை அழைத்ததே ஒரு நூல்தான்.

ஓவியத்துக்கு மொழி வேண்டாம், பார்த்தாலே போதும் என்றும் ஒரு வாதம் வைக்கப்பட்டது. 1935ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடத்தின் புகழுக்குக் காரணமான ரவிவர்மாவின் தமயந்தி ஓவியத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு பறவையின் எதிரே ஒரு பெண் நிற்கிறாள். கண் அவ்வளவுதான் சொல்லும். நளவெண்பா கற்ற தமிழருக்கோ, அந்த அன்னம் நளனுடைய பெருமையைச் சொல்லச் சொல்ல, காணாத ஒருவன்மீது அவள் மனம் சாய்கின்ற நேரம் அது என்று தெரியும். அந்த முகத்தில் இருப்பது நாணமா, ஆவலா என்று அவர் நெடுநேரம் நின்று பார்ப்பார். கதை தெரியாதவரோ அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார்.

நடுவர் அவர்களே, என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். அக்காவின் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க அப்பாவோடு சாலைக் கடைத்தெருவுக்கு முதன்முதலாகப் போனபோது எனக்குப் பதினைந்து வயது. திவான் ராஜா கேசவதாசன் உருவாக்கிய அந்தத் தெருவில் அன்று நான் கண்டவை நெரிசலும், வெல்ல வாடையும், விலைபேசும் சத்தமும் மட்டுமே. பல ஆண்டுகள் கழித்து ஆ. மாதவனின் கதைகளைப் படித்தேன். அந்தத் தெருவிலேயே கடை வைத்திருந்து, அங்குள்ள மனிதர்களையே எழுதிய தமிழ் எழுத்தாளர் அவர். அதன்பின் போனபோது, தலையில் சும்மாடு வைத்து மூட்டை சுமந்துவந்த ஒருவர், இறக்கிவைக்க ஆள் வரும்வரை கழுத்து நரம்பு புடைக்க அசையாமல் நின்றதைக் கண்டேன். பதினைந்து வயதிலும் அப்படி ஒருவர் என் முன்னால் நின்றிருப்பார். அன்று நான் அவரைப் பார்க்கவில்லை. பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் மாதவன்.

இனி நம் ஊருக்கு அருகில் வருவோம். பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரையில் நின்று எவ்வளவு நேரம் கண்ணை அகலத் திறந்து பார்த்தாலும், அங்கே நடந்தது கண்ணில் படாது. நெல்லைச் சீமையின் தருவையில் பிறந்த கணபதி சாஸ்திரியார், 1909ஆம் ஆண்டு வாக்கில் அங்கிருந்த மடத்தில் ஓர் ஓலைக்கட்டைக் கண்டெடுத்தார். உள்ளே, மலையாள எழுத்தில் எழுதிய வடமொழி நாடகங்கள் இருந்தன. பெயர் மட்டும் நிலைத்து நூல்கள் தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட பாசன் என்னும் பழைய வடமொழி நாடகாசிரியருடையவை அவை என்று துணிந்த அவர், 1912 முதல் திருவனந்தபுரம் சம்ஸ்கிருத நூல்வரிசையில் 13 நாடகங்களைப் பதிப்பித்தார். அவை பாசனுடையவைதாமா என்று அறிஞர்கள் வாதிட்டிருக்கிறார்கள். அந்த வாதமும் ஏட்டை விரித்துவைத்துத்தான் நடந்தது.

மனோன்மணீயம் சுந்தரனார் ஊர் ஊராக நடந்து கல்வெட்டைக் கண்டவர் அல்லவா என்று எதிரணியினர் கேட்கலாம். ஆம், நடந்தார், அதை மனமார ஒப்புகிறேன். திருவனந்தபுரத்துக் கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டே திருவிதாங்கூரின் பழைய பெயரான வேணாட்டின் கல்வெட்டுகளைத் தேடிச் சென்றவர் அவர். ஆனால் 1894ஆம் ஆண்டு தம் ஆய்வை அவர் நூலாக்கியிராவிட்டால், அந்த நடையின் பயன் அவரோடு போயிருக்கும்.

இறுதியாக, எதிரணியின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் இந்தச் சாலை வழியாகவே நகருக்கு எழுந்தருளுகிறார்களே, எந்த நூலைப் படித்துவிட்டு நாம் கும்பிடுகிறோம் என்று உருக்கமாகக் கேட்டார்கள். நானும் சிறுவயதிலிருந்து தெருவோரம் நின்று கும்பிட்டவன்தான். யானைமேல் வருகிறவள் யார்? கம்பர் வழிபட்ட கலைமகள் என்று நம் பாட்டிமார் சொல்லிவந்த அன்னை. போய் அமர்வது எங்கே? கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபத்தில். அங்கே ஒன்பது மாலைகளிலும் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் நாளுக்கு ஒன்றாக இயற்றிவைத்த கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். பூஜை வைப்பு நாளில் இரு மாநிலத்துப் பிள்ளைகளும் அவள் முன்னால் கொண்டுபோய் வைப்பது என்ன? தாங்கள் படிக்கும் புத்தகங்களை. நூலின் தெய்வத்தையே சுமந்து இந்த எல்லையைக் கடக்கும் ஊர்வலத்தை, நூலுக்கு எதிரான சாட்சியாக நிறுத்த முடியுமா என்பதை நடுவர் அவர்களின் முடிவுக்கு விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.