கலங்கக் கலங்கத் தெளிவு காட்டும் கருவி

(காட்சி: மழை ஓய்ந்த மாலை, மஸ்ஜித் ஜமேக் பின்புறம்)

வணக்கம். ஆற்றில் சேறு கூடிக்கொண்டே போகிறது. அதை அளக்கும் கருவியோ, 'தண்ணீர் தெளிந்து வருகிறது' என்கிறது. கருவியில் பழுது எதுவும் இல்லை. பின் ஏன்?

எனக்குப் பின்னால் கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுகின்றன. கோலாலம்பூர் என்றாலே சேற்றுக் கூடுதுறை என்றுதான் பொருள். இந்தக் கேள்வியைக் கேட்க இதைவிடப் பொருத்தமான இடம் ஏது!

அளக்கும் முறை சுருக்கமாக: நீருக்குள் ஒளியைச் செலுத்தி, துகள்களில் பட்டு 90 பாகையில் சிதறுவதை அளக்கிறார்கள். இதுதான் நீரின் கலங்கல் அளவு; அதன் அலகு என்டியு (NTU). மலேசியத் தரப்படி குடிநீர் 5 என்டியுவைத் தாண்டக் கூடாது.

(காட்சி: மேசையில் தே ஓ எனும் பால் சேர்க்காத தேநீர், தே தாரிக் எனும் பால் தேநீர்)

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தே ஓவில் கைவிளக்கை அடித்தால் ஒளி நிறம் மாறி மறுபுறம் வருகிறது. தே தாரிக்கில் வழி தவறிவிடுகிறது; பாலின் கொழுப்புத் துளிகள் அதைச் சிதறடிக்கின்றன. நிறம் வேறு, கலங்கல் வேறு. நிறம் ஏமாற்றிவிடக் கூடாது என்றுதான் கலங்கலை அளப்பதற்கான அனைத்துலகத் தரமுறை ஐஎஸ்ஓ 7027, 860 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைக் கேட்கிறது.

(காட்சி: விளக்கை அணைத்த அறை, கண்ணாடிக் குவளையில் தண்ணீர்)

குவளையின் ஒரு பக்கத்திலிருந்து கைவிளக்கை அடிக்கிறேன். ஒரு சொட்டுப் பால். பக்கவாட்டில் மெல்லிய ஒளிர்வு. இன்னும் சில சொட்டுகள், ஒளிர்வு கூடுகிறது. ஊற்றிக்கொண்டே இருங்கள்... பாருங்கள், நடுப்பகுதி மங்குகிறது! தைப்பூசத்தன்று பத்துமலை வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் குறைவு என்றால் ஒருவர் மீது இடித்துப் பக்கவாட்டில் ஒதுங்கிவிடுவோம். நெரிசல் முற்றினால் நுழைந்த வாசல் வழியே வெளியே தள்ளப்படுவோம். ஒளிக்கும் அதே கதிதான். பக்கத்தில் காத்திருக்கும் உணரிக்கு ஒளி வந்து சேர்வதில்லை, எண் இறங்கிவிடுகிறது.

அதனால் வெள்ளச் சேற்றுக்கு, விளக்கின் அருகிலேயே உணரியை வைத்துத் திரும்பி வரும் ஒளியைப் பிடிக்கிறார்கள். அதிலும் ஒரு சிக்கல்: ஒரே எடையில் நுண்களிமண் மணலைவிடப் பல மடங்கு சிதறடிக்கும். அதே ஆற்று நீரை வடிகட்டி, சிக்கிய சேற்றை உலர்த்தி, எடை போட்டு, கருவி காட்டும் எண்ணோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். எந்தக் கோணத்தில் அளந்தது என்று சொல்லாத எண்ணை நான் ஏற்கவே மாட்டேன்.

இன்றிரவே செய்து பாருங்கள். எத்தனையாவது சொட்டில் நடுப்பகுதி மங்கியது என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். குவளையின் அகலத்தையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். தண்ணீரின் அளவு ஒன்றே என்றால், அகலக் குவளை சீக்கிரமே மங்கிவிடும்.